கேட்டபின் சொல்லுங்கள்!

"இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரே இரைச்சல்!" கொரியப் பாட்டு என்றாலே நம் வீடுகளில் எழும் குரல் இது. மொழியோ புரியாது, மெட்டோ நடுவில் மாறிவிடும். ஆகவே பெரியோர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் புதுமையைக் கேளாமலே தள்ளுவது முறையா என்பதே எங்கள் கேள்வி.

புதிதாகக் கேட்க விரும்புவோருக்கு மூன்று பாடல்களைச் சொல்கிறோம்.

முதலில், 'ரெட் வெல்வெட்' என்னும் பெண்கள் குழுவின் 'ஃபீல் மை ரிதம்' (2022). ஜெர்மானிய இசைமேதை பாக் இயற்றிய இன்னிசையின்மேல் இன்றைய தாளத்தை ஏற்றியிருக்கிறார்கள். நம் இளையராஜா 1986-லேயே 'ஹௌ டு நேம் இட்?' இசைத்தொகுப்பில் பாக்கையும் கர்நாடக இசையையும் சந்திக்க வைத்தாரே!

அடுத்து, 'பி.டி.எஸ்.' குழுவின் 'ஐடல்' (2018). கொரிய மேளத்தின் சொற்கட்டை வாயாலேயே சொல்லுகிறார்கள். நம் 'தகதிமி' போன்றதே அது.

இறுதியில், 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவின் 'ஐ காட் எ பாய்' (2013). தலைப்பைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம், தோழியரின் அரட்டைதான்! ஒரே பாட்டில் தாளமும் வேகமும் பலமுறை மாறும். எங்களுக்கே மூன்றாம் முறைதான் பிடிபட்டது. எனவே இதை முதலில் கேட்க வேண்டாம்.

கொரியாவிலிருந்து வருவதெல்லாம் நன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவையும் பல உண்டு. தேர்வு நேரத்தில் பாட்டை நிறுத்தவும் சம்மதமே.

அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணரால் பெயர் பெற்றது நம் ஊர். இரண்டு ஒன்றாவது நமக்குப் புதிதா? பெற்றோரே, அருட்சகோதரியரே! ஒருமுறை எங்களோடு அமர்ந்து கேளுங்கள். பிறகு கண்டியுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.