பேட்டரிக்குள் ஜெல்: தீயைத் தடுக்கும்... அழுத்தம் தாங்குமா?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. விதி சரி, பேட்டரிக்குள் இருக்கிற எரியும் திரவத்தை என்ன பண்றது?

மாற்று என்ன?

‘அயனி ஜெல்’ ஒரு வழி. எளிதில் ஆவியாகாத, தீப்பற்றாத அயனித் திரவத்தைப் பாலிமர் வலைக்குள் பிடித்துவைப்பார்கள்.

இனயம் மாதிரி கடற்கரை ஊர்களில் காயும் மீன்வலையை நினைச்சுக்கோங்க. முடிச்சு வலையைப் பிடிச்சு நிறுத்துது, கண்ணி வழியா தண்ணி ஓடுது. இங்கே முடிச்சு, திரவத்தில் கரையாத பாலிஸ்டைரீன். நூல், திரவத்தோடு சேரும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. இரண்டும் ஒரே சங்கிலியில் துண்டு துண்டாகக் கோத்திருப்பதால் பெயர் ‘பிளாக் கோபாலிமர்’. 2007-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் இப்படியொரு ஜெல்லை உருவாக்கியது.

சிக்கல் எங்கே?

பாலிமரைக் கூட்டினால் ஜெல் உறுதியாகும். ஆனா அயனிகள் ஓட வழி குறையும், மின்கடத்தல் மந்தமாகும். குறைத்தால் கடத்தல் ஜோர், ஜெல் கொழகொழ. அழுத்தத்தில் அது நசுங்கினால் இரு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளும். மறுபடியும் ஷார்ட் சர்க்யூட்தான்.

தீர்வு?

பாலிமரைக் கூட்டாமல், முடிச்சுகளை மட்டும் வேதிப்பிணைப்பால் இறுக்குவது. அயனிகள் ஓடும் கண்ணியில் கை வைப்பதில்லை.

அதனால் ‘பாதுகாப்பான ஜெல் பேட்டரி’ என்று யார் சொன்னாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: எவ்வளவு கடத்தும்? எவ்வளவு அழுத்தம் தாங்கும்? ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால் அது பாதி பதில்தான்.