சொன்ன நேரம் வரை எரிந்த விளக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவுப்பகுதிக்குச் செல்வோர் முதலிற் காண்பது மண்டைதீவு. இரு மருங்கும் ஆழமற்ற கடல், நடுவே வீதி. பகலில் அவ்வழிச் செல்வது கண்ணுக்கு விருந்து. கதிரவன் மறைந்த பின்னரோ நிலை வேறு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் சைக்கிளை நேரே செலுத்துவதே பெரும்பாடு. பக்கத்திலிருந்து அறையும் காற்று, ஓட்டுபவரை வீதியின் நடுவுக்குத் தள்ளிவிடும். பின்னால் வரும் வாகனத்தின் சாரதிக்குத் தம் இருப்பை அறிவிக்க அவரிடம் ஒரு சிறு சிவப்பொளி இருந்தால் நன்று. இல்லையேல் அவர் உயிர் அந்தச் சாரதியின் கண்பார்வையை நம்பியே இருக்கின்றது.

மாலை வகுப்பு முடிந்து மீளும் மாணவர், நகரத்துக் கடைகளில் வேலை முடிந்து திரும்புவோர், விடியுமுன் கடற்றொழிலுக்குப் புறப்படுவோர் ஆகியோருட் பலர் விளக்கின்றியே செல்வதை நாம் காண்கின்றோம். காரணம் கேட்டால், "விளக்கு வாங்கினோம், சில கிழமைகளிற் பழுதாயிற்று. இனியும் எதற்கு வீண் செலவு?" என்பர். இம்மறுமொழியை அலட்சியம் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. கையிற் காசு குறைந்தவனுக்கு, ஏமாற்றும் பொருள் இருமடங்கு விலையுடையது. அவன் பணத்தையும் இழக்கின்றான். அப்பொருளின்மேல் வைத்த நம்பிக்கையையும் இழக்கின்றான்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரிலும் இதே மறுமொழியே எழுந்தது. அதனைக் காதாரக் கேட்டு, அதற்கு விடை காண முயன்ற ஒரு சிறு தொழிற்சாலையின் வரலாறு நம் இளைஞருக்குப் பயன்படும் என்பது எம் துணிபு.

கொனொசுகே மட்சுஷிதா 1894 ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் அரிசிப் பேரத்தில் இறங்கிக் குடும்பச் செல்வத்தை இழந்தமையால், மகன் ஒன்பதாம் வயதிலேயே பள்ளியை விட்டு ஒசாகாவுக்குக் கடைப் பையனாகச் சென்றார். அங்கே ஒரு சைக்கிள் கடையிற் சில ஆண்டுகள் ஏவல் செய்தார். பின்னர் மின்விளக்குக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அதனையும் விட்டுத் தாமே மின்சார உபகரணங்கள் செய்யத் தொடங்கினார். அவரிடம் இருந்த முதல் நூறு யென்னுக்கும் குறைவு. முதலிற் செய்த பொருளை வாங்குவாரில்லை. மனைவியாரின் உடைகளும் அடகுக் கடைக்குச் சென்றன. 1918 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவருடைய தொழிற்சாலை முறையாகத் தொடங்கியபோது அங்கிருந்தோர் மூவர்: அவர், மனைவி முமெனோ, மனைவியின் தம்பியாகிய தோஷியோ இயுவே. தம்பிக்கு அப்போது வயது பதினைந்து.

முதல் உலகப் போர் முடிந்த பின்னர், 1920 ஆம் ஆண்டில் ஜப்பானைப் பெரும் வர்த்தக மந்தம் பிடித்தது. அந்நாட்களில் இரவில் சைக்கிளோட்டுவோர் மெழுகுவர்த்தி விளக்கையோ எண்ணெய் விளக்கையோ தொங்கவிட்டுச் சென்றனர். காற்று சற்றே வீசினால் அவை அணைந்துவிடும். இறங்கி மீண்டும் ஏற்ற வேண்டும். மின்கல விளக்குகளும் விற்பனைக்கு இருந்தன. அவை இரண்டு மூன்று மணிநேரமே எரிந்தன, அடிக்கடி பழுதாயின. ஆதலால் மக்கள் அவற்றை நம்பவில்லை.

சைக்கிள் கடையில் வளர்ந்த மட்சுஷிதாவுக்கு அணையும் விளக்கின் தொல்லை பழக்கமானது. அவர் ஆறு மாத காலம் மாதிரி மேல் மாதிரியாகச் செய்து பார்த்தார். மின்னோட்டத்தை மிகச் சிறிதளவே உண்ணும் புதிய சிறு மின்குமிழொன்று அப்போது கிடைத்தது. அதற்கேற்ற மின்கலத்தை அமைத்து, துப்பாக்கிக் குண்டின் வடிவில் ஒரு விளக்கை 1923 ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது முப்பது நாற்பது மணிநேரம் தொடர்ந்து எரிந்தது. கணக்குப் பார்த்தால், மெழுகுவர்த்திச் செலவை விட மின்கலச் செலவு குறைவு.

இத்துணை நல்ல பொருளை வணிகர் உடனே வரவேற்றிருப்பர் என்று எண்ணுவது இயல்பு. நடந்ததோ வேறு. மொத்த வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தனர். மின்கல விளக்கு என்றாலே பழுதாகும் என்பது அவர்கள் அனுபவம். மேலும் இதற்குத் தனிப்பட்ட மின்கலம் வேண்டும்; அது தீர்ந்தால் வாங்குபவர் எங்கே போவார் என்றும் வினவினர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. களஞ்சியத்திலே விளக்குகள் குவிந்தன. மின்கலமோ நாட்பட நாட்பட வலுவிழக்கும் பொருள்.

அப்போது அவர் எடுத்த முடிவே இவ்வரலாற்றின் உயிர்நாடி. மொத்த வியாபாரிகளை விடுத்து, ஒசாகாவிலுள்ள சைக்கிள் கடைகளுக்கே நேரில் ஆளனுப்பினார். ஒவ்வொரு கடையிலும் இரண்டு மூன்று விளக்குகளை வைத்து, அவற்றுள் ஒன்றை எரியவிட்டு வரச் செய்தார். எவ்வளவு நேரம் எரிகின்றது என்று கடைக்காரரே பார்த்துக்கொள்ளட்டும். சொன்னபடி எரிந்து, மற்ற விளக்குகளும் விற்றால் மட்டும் பணம் தரட்டும் என்பது ஏற்பாடு. கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டிச் சென்றனர். காலையில் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாலையிலும் எரிந்தது. வாயினாற் சொல்லி நம்பவைக்க இயலாததை அச்சிறு விளக்கு தானே சொல்லி முடித்தது. முன்னர் மறுத்த மொத்த வியாபாரிகளும் பின்னர் வாங்க முன்வந்தனர்.

1927 ஆம் ஆண்டில் ஜப்பானிய வங்கிகளைப் பெரும் பீதி தாக்கியது. வைப்புப் பணத்தை மீட்க மக்கள் வங்கி வாயில்களில் முண்டியடித்தனர். அவ்வாண்டிலேயே மட்சுஷிதா, சைக்கிளினின்று கழற்றிக் கையிலும் கொண்டு செல்லத்தக்க சதுர விளக்கொன்றை 'நஷனல்' என்னும் பெயரில் வெளியிட்டார். பத்தாயிரம் விளக்குகளை இலவசமாகக் கொடுத்து அறிமுகம் செய்வதென்று துணிந்தார். மின்கலம் வழங்கிய ஒக்காடா என்னும் உற்பத்தியாளரிடம், "ஆண்டு முடிவதற்குள் உங்கள் மின்கலங்களில் இரண்டு இலட்சம் விற்றுத் தந்தால், பத்தாயிரத்தை இலவசமாகத் தருவீர்களா?" என்று கேட்டார். அவர் வியந்து உடன்பட்டார். ஆண்டிறுதியில் விற்பனையான மின்கலங்கள் 4,70,000.

இலவசமாகக் கொடுத்தமையாலன்றோ அவர் வென்றார் என்று சிலர் கருதலாம். அஃது அரை உண்மை. விளக்கு நல்லதாக இருந்தமையாலேயே இலவசம் பலித்தது. அது ஒரு கிழமையில் பழுதாகும் விளக்காயிருப்பின், பத்தாயிரம் வீடுகளில் பத்தாயிரம் பழிச்சொற்களை விதைத்ததாகவே முடிந்திருக்கும். அவர் முதலிற் செலவிட்டது ஆறு மாதச் சோதனையை, பிறகே பணத்தை.

1929 ஆம் ஆண்டின் உலகப் பெருமந்தம் ஜப்பானையும் தாக்கியபோது அவருடைய விற்பனை பாதியாகக் குறைந்தது. தொழிலாளரிற் பாதிப்பேரை நீக்குவதே வழி என்று அதிகாரிகள் கூறினர். நோயுற்றுப் படுக்கையிலிருந்த மட்சுஷிதா அதற்கு இசையவில்லை. உற்பத்தியைப் பாதியாகக் குறைத்து, அரைநாள் வேலை வாங்கி, முழுச் சம்பளம் கொடுத்தார். மிகுந்த நேரத்தில் தேங்கிய பொருள்களை விற்க அனைவரும் முயலவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இரண்டு மாதங்களில் களஞ்சியம் காலியாயிற்று. விளக்கு சொன்ன நேரம் வரை எரிந்தது போலவே, முதலாளியின் சொல்லும் நின்று எரிந்தது எனலாம்.

நிற்க. பதினைந்து வயதில் அங்கே வேலைக்கு வந்த தம்பி தோஷியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் அவாஜி என்னும் தீவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்று, நாடு சாம்பற் காடாகிக் கிடந்த வேளையில், 1947 ஆம் ஆண்டில் அவர் தனித் தொழில் தொடங்கினார். அவர் செய்த முதற் பொருளும் சைக்கிள் விளக்கே. சில்லோடு உரசிச் சுழன்று மின்சாரம் தரும் டைனமோ விளக்கு அது. தமது தொழிலுக்கு அவர் இட்ட பெயர் 'சான்யோ'; மூன்று சமுத்திரம் என்பது அதன் பொருள். பசிபிக், அத்திலாந்திக், இந்து சமுத்திரம் ஆகிய மூன்றினையும் அவர் எண்ணினார். நம் தீவகக் கரைகளைத் தழுவும் கடலும் அக்கணக்கில் அடங்கியது! பிற்காலத்தில் மட்சுஷிதாவின் கம்பெனி 2008 ஆம் ஆண்டிற் 'பானசோனிக்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டில் சான்யோவும் அதன் குடைக்கீழ் வந்தது. மைத்துனர் இருவரின் முயற்சியும் மீண்டும் ஒரு வீட்டிற் சேர்ந்தது போலும்.

இவையெல்லாம் ஜப்பானியரின் கைத்திறமை. நமக்கு எட்டுமோ என்று சோர்வோர் நம் சொந்த வரலாற்றை மறந்தவராவர். 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. தீவகத்து மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, குடாநாட்டில் உற்றார் வீடுகளிலும் முகாம்களிலும் தங்கினர். அக்காலத்தில் நம்மவர் என்ன செய்தனர்? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்ற, அயலவர் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்பர். போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் இட்டுத் திரியேற்றிய விளக்கின் முன்னே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். இத்திறமையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்கவில்லை, தேவை கற்பித்தது.

2022 ஆம் ஆண்டில் வேறொரு சோதனை வந்தது. இலங்கை அரசு அந்நியக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் நிறுத்தியது. எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நின்றது. மார்ச்சு மாத முடிவில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் உறங்கின; பழைய சைக்கிள்கள் மூலையினின்று வெளிவந்தன. ஆனால் வீதி இருண்டிருந்தது, சைக்கிள்களிலும் விளக்கில்லை. சைக்கிளின் அருமை மீண்டும் தெரிந்த அவ்வேளையில், அதன் விளக்கின் அருமையை நாம் முற்றாக உணர்ந்தோமோ என்பது ஐயமே.

விளக்கு உயிர் காக்கும் என்பது வெறும் ஊகமன்று. டென்மார்க்கில் 'ரீலைட்' என்னும் ஒரு சிறு நிறுவனம், ஆரக்கம்பிகளிற் பொருத்திய காந்தத்தால் மின்கலமின்றியே ஒளிரும் விளக்கொன்றை உருவாக்கியது. அந்நாட்டின் ஓடென்சே நகரில் 2004 ஆம் ஆண்டு நவம்பர் தொடங்கி ஓராண்டு அதனைச் சோதித்தனர். 3,845 சைக்கிளோட்டிகள் பங்குபற்றினர். அவர்களுள் 1,845 பேருக்கு இரவும் பகலும் எரியும் அவ்விளக்குப் பொருத்தப்பட்டது. விளக்குடையோர் காயமுற்ற விபத்துக்கள் மற்றையோரை விட 19 சதவீதம் குறைவு எனக் கண்டனர்.

நம் மாணவருக்கும் இதில் வேலையுண்டு. சாதாரண டைனமோ 6 வோல்ட் அழுத்தத்தில் 3 வாற்று வலுவைத் தருவது. சைக்கிள் நின்றால் அதன் விளக்கும் அணைந்துவிடும். வளைவிற் காத்து நிற்கும்போது, ஒளி மிக வேண்டிய நேரத்தில், அது கைவிடுகின்றது. டைனமோ தரும் ஆடலோட்டத்தை நான்கு இருவாயிகளாற் சீராக்கி, ஒரு கொள்ளளவியிற் சேமித்தால், நின்ற பின்னரும் சில நிமிட நேரம் ஒளிகாலும் இருவாயி ஒன்றை எரியவிடலாம். உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் மாணவர் எவரும் இதனை விளங்கிக்கொள்வர்.

ஆயினும் தீவகத்தில் அது மட்டும் போதாது. இங்கே உப்புக்காற்று செப்புக் கம்பியிற் களிம்பேற்றும், இரும்பாணியைத் துருவாக்கும். ஒசாகாவில் மட்சுஷிதா எதிர்கொண்ட கேள்வி, எத்தனை மணிநேரம் எரியும் என்பது. மண்டைதீவில் எழும் கேள்வி, எத்தனை சோளகத்தைத் தாங்கும் என்பது. தொலைதேசத்திற் செய்து அனுப்பப்படும் மலிவான விளக்கு இக்கேள்விக்கு விடை கூறாது. அதனைச் செய்தவர் இவ்வீதியைக் கண்டவரல்லர். கண்டவர் நம் பிள்ளைகள். மூவர் சேர்ந்து, ஒரு சிறு கொட்டகையில், ஓர் ஆண்டு முழுவதும் கடற்காற்றில் வைத்துச் சோதித்த பத்து விளக்குகளைச் செய்துவிட்டால், அவற்றுள் ஒன்றை மண்டைதீவுச் சந்தியில் எரியவிட்டு, "பார்த்துவிட்டுப் பணம் தாருங்கள்" என்று சொல்லலாம்.

நல்ல காலம் வரட்டும், பிறகு தொழில் தொடங்குவோம் என்று காத்திருப்போர் நம்மிடையே பலர். நல்ல காலத்தில் மக்கள் குறையுள்ள பொருளையும் வாங்கிப் பொறுத்துக்கொள்வர். துன்பக் காலத்தில் ஒருவன் ஒரு பொருளை வாங்கினால், அது உழைக்க வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு வாங்குகின்றான். அவனை ஏமாற்றாத பொருளைச் செய்பவனை அவன் மறப்பதில்லை.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை மாலை வகுப்புக்குப் புறப்படுமுன் கொப்பி, பேனை எல்லாம் எடுத்தானா என்று கேட்கின்றீர்கள். சைக்கிளின் பின்விளக்கு எரிகின்றதா என்பதையும் ஒருமுறை பார்த்து அனுப்புங்கள்.