ஔஷதமும் ஏகபோகமும்

2013-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் நோவார்ட்டிஸ் கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது தேச நன்மைக்கு உகந்த தீர்ப்பே. நாட்பட்ட ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இமாட்டினிப் சிறந்த ஔஷதம். குமட்டல், முகவீக்கம், தசைப்பிடிப்பு முதலிய உபத்திரவங்கள் உண்டு. அவற்றைப் பெரும்பாலோர் சகித்துக்கொள்வர். ஆனால் தினந்தோறும், வருஷக்கணக்காக உட்கொள்ள வேண்டும். நிறுத்தினால் நோய் மீண்டும் தலையெடுக்கக்கூடும். எனவே விலையே ஆயுளின் அளவாகிறது. அன்று கம்பெனியார் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய்; நம் நாட்டு மருந்தாலைகளின் விலையோ சுமார் 10,000 ரூபாய்.

குணம் மிகாமல் உருமட்டும் மாறிய மருந்துக்குப் பேடண்டு இல்லையென்னும் 3(டி) பிரிவைக் காட்டிச் சென்னைப் பேடண்டுக் காரியாலயம் 2006-லேயே மனுவை நிராகரித்தது. அநேகருக்கு இலவசமாக வழங்கினோமே என்றனர் கம்பெனியார். மெய்தான். கொடுப்பவன் கையை மடக்கினால் நோயாளியின் கதி என்ன? அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியின் அறிக்கைகள் இப்பிரிவைக் குறைகூறி வந்திருக்கின்றன; நம் பார்லிமெண்டு இணங்கலாகாது.