மோட்டார் வைத்தால் ஆண்மை வளருமா?

பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலாளியின் கைப்பேசிக்குள் இன்று லேகிய வியாபாரி மின்சாரப் பம்போடு வந்து நிற்கிறான். "உறுப்பு நிரந்தரமாகப் பெரிதாகும்" என்கிறான். பச்சைப் பொய்! காற்றை உறிஞ்சி ரத்தத்தை அங்கே இழுப்பதே அதன் வேலை, எதுவும் வளராது. இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை. சர்க்கார் அதை அலமாரியில் பூட்டி வைத்திருப்பது யாருக்காக என்று கேட்கிறோம்.

விறைப்புக் குறைவுக்கு டாக்டர்கள் சிபாரிசு செய்யும் கருவிதான் அது; நாம் மறுக்கவில்லை. கையால் இயக்கும் பம்பும் அதே பலன் தரும். அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ஏற்பாடு இல்லாததை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வளையம் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் டாக்டரைக் கேளாமல் தொடவே வேண்டாம். கோளாறின் மூலம் சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம். பம்புக்குக் கூலியை அழுமுன் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், தோழர்களே.