ஊர்க்குரல் டில்லியில் ஒலிக்கட்டும்!

"ஊருக்குப் பாலம் கேட்டோம், இவரோ டில்லியிலே மொழி பற்றி முழங்கிவிட்டு வந்தார்!" என்று ஏளனம் பேசுவோர் ஒரு சாரார். "நாடே அல்லற்படும் வேளையில், நாடாளுமன்றத்தில் எழுந்து நிலக்கோட்டைப் பூவைப் பற்றிப் பேசுகிறாரே!" என்று நையாண்டி செய்வோர் மற்றொரு சாரார். முன்னவர் ஊரைக் காட்டி நாட்டை மறைக்கின்றனர். பின்னவர் நாட்டைக் காட்டி ஊரை மறைக்கின்றனர். தோழர்களே, இரு சாராருக்கும் நாம் தரும் விடை ஒன்றே: ஊரின் குறையை அடிவரை தோண்டினால், நாட்டின் குறை அங்கே வேராகக் கிடக்கும்!

சேவுகம்பட்டியில் நின்று பாருங்கள். நிலக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதியிலும் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியிலும் அடங்கிய பேரூராட்சி அது. அதன் வட்டாரத்து உழவன் விடியுமுன் பறித்த மல்லிகையைச் சந்தைக்குக் கொண்டு செல்கிறான். அரும்பு விரிவதற்குள் விற்றாக வேண்டும், விற்காவிடில் குப்பை. தேர்தல்தோறும் பேசப்படும் வாசனைத் திரவியத் தொழிற்சாலை வேண்டும் என்கிறான். குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்கிறான். மதுரை விமான நிலையத்திலிருந்து பூ வெளிநாடு செல்ல வழி வேண்டும் என்கிறான். ரயில் எவர் கையில்? விமான நிலையம் எவர் கையில்? ஏற்றுமதி விதி எவர் கையில்? அத்தனையும் டில்லியின் கையில்! நிலக்கோட்டையில் வாடிய பூவுக்கு டில்லியிலே நீதி கேளாமல் வேறெங்கே கேட்பது?

ரயிலின் கதையைக் கேளுங்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928இல் வந்தது. அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று 2010ஆம் ஆண்டின் இறுதியில் அதை மூடினர். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதத்தில். போடிக்குத் திரும்பியது 2023 ஜூன் மாதத்தில். பன்னிரண்டரை ஆண்டுகள்! ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் சேர்ந்து, படித்து முடித்து வெளியேறும் காலம் அது. இடையிலே இன்னொன்றும் நடந்தது. 1924 முதல் ரயில்வேக்கென்று தனியே இருந்துவந்த வரவுசெலவுத் திட்டத்தை, 2017இல் பொது வரவுசெலவுத் திட்டத்தோடு கலந்துவிட்டனர். ஊர்ப்பெயர் சொல்லிப் பாதை கேட்பதற்கென்றே இருந்த மேடை சுருங்கிற்று. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் குமுளிக்குப் பாதை வேண்டுமென நெடுநாளாகக் கேட்கும் மக்களுக்கு, இது டில்லியின் கணக்குப்புத்தக விவகாரமா? சொந்த வீட்டு விவகாரமன்றோ!

சரி, மொழி பற்றிப் பேசினாரே, அதனால் ஊருக்கென்ன பயன் என்கிறார்களா? 1957இல் கழகம் நாடாளுமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது இருவரைத்தான். இருவர் என்ன செய்துவிட முடியும் என்று எள்ளி நகையாடினர். 1959 ஆகஸ்ட்டில் பண்டித நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று மக்களவையில் உறுதி தந்தார். 1960இல் ஈ.வெ.கி. சம்பத்துக்கு எழுதிய கடிதத்தில் அவ்வுறுதியை வலியுறுத்தினார். 1962இல் மாநிலங்களவை சென்ற அண்ணா, 1963இல் ஆட்சிமொழி மசோதாவை எதிர்த்து வாதாடினார். 1965இல் தமிழகம் கிளர்ந்தெழுந்தது. 1967இல் சட்டம் திருத்தப்பட்டது. சேவுகம்பட்டி மாணவன் டில்லி அரசின் வேலைக்குத் தேர்வெழுதும்போது, அவன் அறியாத மொழி அவனுக்கு முன்னே மதிலாக நிற்காமலிருக்கக் காரணம் அந்தப் பேச்சும், அதற்குப் பின்னால் நின்ற மக்களும்!

இந்தப் பாடத்தைப் படிக்க அந்த ஊரார் தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டிவீரன்பட்டியிலே பிறந்தவர் சௌந்தரபாண்டியனார். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்தவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார். பேருந்துப் படிக்கட்டு ஊர் விவகாரமா, நாட்டு விவகாரமா? அவர் பிரித்துப் பார்க்கவில்லை, ஆகவேதான் சாதித்தார்.

ஆனால், பேசுவதற்கு அவை கூட வேண்டுமே! முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரி 135 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவை, ஐந்தாண்டிலும் சேர்த்துக் கூடியது 274 நாள், ஆண்டுக்கு ஐம்பத்தைந்து! 2020 செப்டம்பரில் கேள்வி நேரமே நடைபெறவில்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அன்று அவைக்கே வராத சேலம் உறுப்பினர் பார்த்திபன் பெயரையும் பட்டியலில் சேர்த்து, பிறகு நீக்கினர். வராதவரையும் வெளியேற்றும் விந்தை வேறெங்குண்டு? வெளியேற்றப்பட்டது உறுப்பினர் மட்டுமா? அவரை அனுப்பிய இலட்சக்கணக்கான மக்களின் வாய் அல்லவா அடைக்கப்பட்டது!

ஆகவே, தோழர்களே, வேலை நமக்கும் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கென எடுக்கப்படும் கேள்விகள் 20. எழுத்து மூலம் விடை பெறுபவை 230. எந்தக் கேள்வி இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அமைச்சர் அவையில் தரும் வாக்குறுதியை மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே ஒரு குழு உண்டு. இத்தனை கருவிகளும் கூர்மையாவது எதனால்? ஊரிலிருந்து செல்லும் செய்தியால்! "எங்கள் ஊருக்கு ஒன்றுமே செய்யவில்லை" என்ற புலம்பலை வைத்துக்கொண்டு உறுப்பினர் என்ன கேட்பார்? எந்தச் சாலை, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, எந்த அலுவலகத்தில் தேங்கியது என்று எழுதிக் கொடுங்கள். கேட்டாரா என்று கேளுங்கள். என்ன விடை வந்தது என்பதைத் தெருமுனைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கேளாதவர் நம்மவரேயானாலும், ஏன் கேட்கவில்லை என்று கேளுங்கள்!

சேவுகம்பட்டிப் பெருமாள் கோயிலில் தை மாதத்தில் வாழைப்பழத்தைச் சூறைவிடுவர், கைநீட்டியவர் பிடித்துக்கொள்வர். அது வேண்டுதல். டில்லியின் கருவூலத்திலிருந்து நமக்கு வரவேண்டியதோ சூறைவிடும் பழமன்று. நாம் கட்டிய வரியின் பங்கு. அதைப் பெறக் கை நீட்ட வேண்டாம், குரலை உயர்த்துவோம்! ஊரின் பெயர் சொல்லி உயர்த்துவோம்; நாட்டின் நலன் கருதி உயர்த்துவோம்!