மூன்று மாதமும் மூன்று நிற அட்டையும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகளை மத்திய அரசு 2024 அக்டோபரில் திருத்தியது. விண்ணப்பம் கிடைத்த 1 மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்றிருந்த கெடு 3 மாதமாக நீண்டது. யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையின் நிறமும் விதியில் வந்தது: குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். விண்ணப்பம் இணையத்தளம் வழியாகவே போக வேண்டும். ஆதாரும், 6 மாதத்துக்கு உட்பட்ட புகைப்படமும் வேண்டும். 2 ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்கப்படாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்துவிடும். அதன்பின் விண்ணப்பதாரர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அதிகாரியைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

திருத்தம் முழுவதுமே பழுது என்று சொல்வதற்கில்லை. நாடு முழுவதற்கும் ஒரே இணையத்தளம், ஒரே அட்டை என்பது ஊர் மாறிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நன்மைதான். ஆட்சிப்பணித் தேர்வில் போலிச் சான்றிதழ் காட்டப்பட்டதாக எழுந்த சர்ச்சை அதே ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. அடையாளச் சோதனை இறுகியதில் வியப்பில்லை. ஆனால் இந்த விதிகளின் எந்த வரியிலும் குழந்தையின் வயது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வேலை ஒதுக்கீடு கேட்கும் 30 வயதுக்காரருக்கும், கழுத்து நிற்காத 8 மாதக் குழந்தைக்கும் ஒரே வரிசை, ஒரே கெடு.

குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டுத் துறையின் காலக்கணக்கு வேறு. பிறவிச் செவித்திறன் குறைவில் 1-3-6 என்பது நிலைத்துவிட்ட அளவு: 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் இடையீடு. பெருமூளை வாதத்தில், பொது அசைவு மதிப்பீட்டையும் ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையையும் கொண்டு, குறைமாதத்தைக் கழித்துத் திருத்திய வயது 6 மாதத்துக்கு முன்பே ‘அதிக ஆபத்து’ என்ற இடைக்கால நோயறிதலைத் தரலாம் என்பது 2017 முதல் உலகளவில் ஏற்கப்பட்ட நிலை. இந்த அளவுகோல்களின் அருகே 3 மாதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1 வயதுக் குழந்தைக்கு 3 மாதம் என்பது அதன் வாழ்நாளில் கால் பங்கு.

அறிவுசார் குறைபாட்டுக்கு 1 வயது நிறைந்த பிறகே சான்றிதழ், 5 வயது வரை அது ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்றே குறிக்கப்படும் என்பது 2018 மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் வகுத்த முறை. மருத்துவக் காரணங்களால் அது சரியே. அந்த வயதில் யாரும் நுண்ணறிவு ஈவை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வயது வரம்பையும் 3 மாதக் கெடுவையும் கூட்டினால் வருவது என்ன? எஸ்.என்.சி.யு. எனும் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பராமரிப்புப் பிரிவின் தொடர் பரிசோதனையில் 4 மாத வயதிலேயே கண்டறியப்பட்ட குழந்தைக்கு, விதி சொல்லும் கெடு ஒரு நாள்கூடத் தவறாவிட்டாலும், கையில் அட்டை வரும்போது வயது 15 மாதம் ஆகியிருக்கலாம். மருத்துவக் குழு கூடும் நாள், உளவியலாளர் வரும் நாள், இணையத்தளம் முடங்கும் நாள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை. விதிகளில் குழந்தையின் வளர்ச்சி வேகத்தை ஒப்புக்கொண்ட ஒரே இடம் புகைப்படம்தான். 6 மாதத்தில் முகம் மாறிவிடும் என்று தெரிந்திருக்கிறது.

சான்றிதழ் இல்லாமலேயே தெரபி தொடங்கலாமே என்று அதிகாரிகள் பதில் சொல்வது வழக்கம். காகிதத்தில் அது உண்மை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுவின் பரிந்துரைச் சீட்டே போதும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், அதாவது டி.இ.ஐ.சி., சான்றிதழ் கேட்கக் கூடாது. ஆனால் அந்த மையத்தின் வாசலைத் தாண்டினால் எல்லாமே அட்டையில் முட்டி நிற்கின்றன. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் தெரபிச் செலவைத் திரும்பப் பெறச் சான்றிதழ் வேண்டும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு வேண்டும். ரயில் கட்டணச் சலுகைக்கு வேண்டும். வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு வரும் தாய்க்கு, தெரபி இலவசம் என்பதால் மட்டும் தெரபி எட்டிவிடுவதில்லை. மூன்றாவது வாரத்தில் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் விடுபடுவதை எல்லா மையங்களும் அறியும்.

அமெரிக்காவில் 1986 சட்டத் திருத்தத்தோடு வந்து இன்று ‘பகுதி சி’ எனப்படும் ஆரம்ப நிலை இடையீட்டு ஏற்பாட்டில், பரிந்துரை வந்த 45 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து குடும்பச் சேவைத் திட்டக் கூட்டம் நடந்தாக வேண்டும். பெற்றோர் சம்மதித்தால், மதிப்பீடு முடிவதற்கு முன்பே இடைக்காலத் திட்டத்தின்கீழ் சேவையைத் தொடங்க இடமுண்டு. அங்கும் குறைகள் ஏராளம். மாநிலத்துக்கு மாநிலம் தகுதி வரையறை மாறுகிறது. ஆனால் கெடு எதன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது: அங்கே கெடு சேவைத் திட்டத்துக்கு, இங்கே அட்டைக்கு. 2016 சட்டத்தின் 25-ஆம் பிரிவு எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்து, ஆபத்துள்ளோரை இனம்காணச் சொல்கிறது. இனம்கண்ட பின் எத்தனை நாளில் தெரபி தொடங்க வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை, 2017 விதிகளிலும் இல்லை, 2024 திருத்தத்திலும் இல்லை. 31-ஆம் பிரிவின் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அரசமைப்பின் 45-ஆம் உறுப்பு உண்டு. அது நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறி. மூளை மிக வேகமாக வளரும் ஆறு ஆண்டுகளில் சட்டம் மௌனம் காக்கிறது. அரசு கைவைத்த ஒரே கெடுவையும் மும்மடங்காக்கியிருக்கிறது.

இதற்கு ஆள் பற்றாக்குறை காரணமாகச் சொல்லப்படலாம். அந்தப் பற்றாக்குறையை உண்டாக்கியது யார் என்ற கேள்விக்கு எந்த அறிவிக்கையும் பதில் சொல்வதில்லை. ஆர்.பி.எஸ்.கே. வழிகாட்டுதல் டி.இ.ஐ.சி.க்குக் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், கேட்பியல்-பேச்சு வல்லுநர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் என்று நீண்ட பட்டியல் தருகிறது. தேசிய நலக் குழுமத்தின் ஒப்பந்த ஊதியத்தில் இந்தப் பணியிடங்களில் பயிற்சி பெற்றவர்கள் நிலைப்பதில்லை. ஆளை நிரப்பிக் காத்திருப்பைக் குறைக்க வேண்டிய இடத்தில், காத்திருப்பையே விதியாக்கிவிட்டார்கள்.

நிற அட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. சதவீதம் மாறாத உடற்குறைபாட்டுக்கு நிறம் பொருந்தலாம். வளரும் குழந்தைக்குப் பொருந்தாது. மஞ்சள் அட்டையோடு வந்த மூன்று வயதுக் குழந்தை நல்ல தெரபியால் முன்னேறி, மறுமதிப்பீட்டில் 40-க்குக் கீழே இறங்கினால் கிடைப்பது வெள்ளை அட்டை. பெரும்பாலான சலுகைகள் 40 சதவீத வரம்பைப் பிடித்துத் தொங்குவதால், முன்னேற்றமே குடும்பத்துக்கு இழப்பாகிறது. மறுமதிப்பீட்டுக்கு முன், முன்னேற்றத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதித் தரும்படி பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பது இத்துறையில் புதிதல்ல. கேட்பவர்மேல் குற்றமில்லை. வெள்ளை அட்டைக்கு என்ன உரிமை என்பதை அறிவிக்காமல் நிறத்தை மட்டும் அறிவித்தவர்கள்மேல்தான் குற்றம்.

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை ஆர்.பி.எஸ்.கே. பரிந்துரையோ, குழந்தை மருத்துவரின் ‘அதிக ஆபத்து’ குறிப்போ, பயணச் சலுகைக்கும் காப்பீட்டுக்கும் உதவித்தொகைக்கும் தற்காலிக ஆவணமாக ஏற்கப்பட வேண்டும். பரிந்துரையிலிருந்து முதல் தெரபி அமர்வு வரை 45 நாளுக்கு மிகாத கெடுவை மாநில அரசுகள் தாமே ஆணையாக வெளியிடலாம். அதற்கு மத்திய விதிகள் குறுக்கே நிற்கவில்லை. அந்த ஆணை வரும்வரை ஒவ்வொரு மையமும் பரிந்துரை நாள், முதல் அமர்வு நாள், சான்றிதழ் விண்ணப்ப நாள், அட்டை கிடைத்த நாள் ஆகிய நான்கையும் குழந்தைவாரியாகப் பதிவேட்டில் குறித்து, காலாண்டுதோறும் மாவட்ட ஆட்சியருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்ப வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.