வண்டியோட்டும் வித்தை

2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவ்வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் எல்லா மாநிலங்களுக்கும் முன்னே நின்றது நமது தமிழ்நாடு: விபத்துக்கள் 64,105, மரணங்கள் 17,884. இவ்விஷயத்தில் முதலிடம் நமக்கு வேண்டுவதில்லை. தேசத்தில் நிகழ்ந்த மரணங்களில் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டவை அளவு மீறிய வேகத்தால் நேர்ந்தவை என்றும் அவ்வறிக்கை சொல்லுகிறது. ஆகவே இதைத் தலைவிதி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த ஆலங்குளத்தை எடுத்துக்கொள்வோம். (தென்காசி ஜில்லாவில் இதே பெயருடைய ஊர் வேறு.) 1970-இல் அங்கே சிமெண்டு ஆலை ஏற்பட்டது முதல் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் சிமெண்டு லாரிக்கும் பழகிய சாலைகள் அவ்வூர்ச் சாலைகள். சுற்றிலும் சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகள். பொழுது விடியுமுன் கிராமந்தோறும் ஸ்திரீகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் விரைகின்றன. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் போகின்றனர். ஆடும் மாடும் அதே சாலையில்தான் நடக்கவேண்டும். தீபாவளி நெருங்கினால் சரக்கு லாரிகளின் அவசரத்தைக் கேட்கவேண்டியதில்லை.

வேகம் இருமடங்கானால், பிரேக் போட்டபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை அறியாதவன் கையில் பத்து டன் பாரம் ஏற்றிய லாரியை ஒப்புவிக்கிறோம். தூக்கக் கலக்கத்தில் கண் ஒரு கணம் மூடினாலும், கைப்பேசியின் மேல் பார்வை ஒரு கணம் போனாலும் அதே ஆபத்துத்தான்.

நிற்க. சட்டத்தில் குறையில்லையா என்று கேட்கலாம். 1914-இலும் 1939-இலும் 1988-இலும் மோட்டார் வாகனச் சட்டங்கள் செய்யப்பெற்றன. 1989-ஆம் வருஷத்து மத்திய விதிகளில் 15-ஆவது விதியைப் படித்துப் பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். கண்ணாடியைச் சரிசெய்வது, பிற வண்டியை முந்துவது, நடந்து செல்வோருக்கு வழிவிடுவது, திடீரென நிறுத்துவது, பின்னோக்கிச் செலுத்துவது ஆகிய இத்தனையும் பரீட்சையில் அடங்கியவை. ஆனால் ஜனங்கள் அறிந்த பரீட்சை எது? மைதானத்தில் ‘எட்டு’ப் போடுவது! எட்டுப் போடத் தெரிந்தவனுக்கு இரவில் எதிர்விளக்கின் கூச்சத்தில் வண்டியைச் செலுத்தத் தெரியும் என்பதற்கு என்ன உறுதி? சட்டம் எழுதியபடி பரீட்சை நடக்கவேண்டும் என்பதைத் தவிர நாம் புதிதாக ஒன்றும் கோரவில்லை.

பட்டாசு போன்ற அபாயச் சரக்கு ஏற்றும் வண்டியோட்டிகளுக்கு 9-ஆவது விதி மூன்று நாள் தனிப் பயிற்சியை விதித்திருக்கிறது. அவ்வளவும் நியாயமே. ஆனால் அவர்கள் இந்திய பாஷை ஒன்றோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறது அதே விதி. தீப்பற்றினால் செய்யவேண்டியதைச் சாத்தூர்ப் பக்கத்து வண்டியோட்டிக்கு அவன் தாய்ப் பாஷையில் சொன்னால் விளங்காதா? அப்பயிற்சி தமிழிலேயே நடக்கவேண்டும். பாடப்புத்தகமும், வண்டியில் வைக்கும் எச்சரிக்கைச் சீட்டும் தமிழில் இருக்கவேண்டும். சாதாரணச் சரக்கு வண்டியோட்டிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. ஏழைகளுக்குப் பிழைப்பு வழி திறந்தது நல்லதே. எனினும், பள்ளிக்கூடம் கற்பிக்காததைக் கற்பிக்கும் பாரம் இப்பொழுது பயிற்சி நிலையங்களின் தலையில் விழுந்திருக்கிறது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் ஏற்பட்ட 199-ஏ பிரிவின்படி, அப்பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பஸ் நேரத்துக்கு வருவதில்லை, பையன் எப்படிப் பள்ளிக்குப் போவான் என்று ஆட்சேபிக்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அதற்குப் பரிகாரம் பஸ் கேட்பதேயன்றிச் சாவி கொடுப்பதன்று.

ஜில்லா சாலைப் பாதுகாப்புக் குழு அடுத்த முறை கூடும்பொழுது ஆலங்குளம் பக்கத்து ஊழியர்கள் மூன்று கோரிக்கைகளை எழுத்து மூலம் சமர்ப்பிக்கவேண்டும்: தமிழில் அபாயச் சரக்குப் பயிற்சி, விதிப்படி முழுப் பரீட்சை, ஆலை நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் பஸ். பதில் எழுத்து மூலம் வரும்வரையில் கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும்.